புளியரை நெல்லும் ஜெனீவா கணக்கும்: மானியத்தை யார், எப்படி எழுதுகிறார்கள்?

செங்கோட்டையிலிருந்து கேரளம் போகிறவர்களுக்குப் புளியரை தெரிந்த ஊர். மலை ஏறுவதற்கு முன் வரும் சோதனைச்சாவடி, எஸ் வளைவு, சாலையின் இரு பக்கமும் பச்சை வயல். அந்த வளைவு ஏறி ஆரியங்காவை எட்டுவதற்குள் மாநிலம் மாறிவிடுகிறது. நெல்லின் விலையும் மாறிவிடுகிறது.

2025-26 பருவத்தில் தமிழ்நாடு அரசு நேரடி கொள்முதல் நிலையங்களில் சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயும், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் தருகிறது. கேரளத்தில் சப்ளைகோ தரும் விலை 2025 நவம்பர் முதல் கிலோவுக்கு 30 ரூபாய், அதாவது குவிண்டாலுக்கு 3,000. நாற்பது கிலோ மூடைக்குக் கணக்குப் போட்டால் சாதா ரகத்தில் 200 ரூபாய் வித்தியாசம். செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர்தான். மாநிலங்களைப் பிரித்தபோது அந்தத் தாலுகாவிலேயே ஒரு பகுதி அங்கே நின்றது, மற்றது இங்கே வந்தது. கோடு அப்படி விழாமல் இருந்திருந்தால் என்று பேசுவதில் பயனில்லை. கேரளத்தில் பதிவு செய்த நெல்லைத்தான் சப்ளைகோ எடுக்கும்.

இந்த 2,500 ரூபாய்க்குள் இரண்டு கை இருக்கிறது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2,369. மாநில அரசின் ஊக்கத்தொகை 131. சன்ன ரகத்துக்கு அதே போல 2,389, மேலே 156. கேரளத்திலும் இப்படித்தான், ஆனால் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. 2022-23-ல் மத்திய விலை கிலோவுக்கு 20 ரூபாய் 40 காசு, மாநிலம் 7 ரூபாய் 80 காசு போட்டது, மொத்தம் 28 ரூபாய் 20 காசு. அடுத்த ஆண்டு மத்திய விலை 21.83 ஆனது, மாநிலப் பங்கு 6.37 ஆகக் குறைந்தது, மொத்தம் அதே 28.20. அதற்கடுத்த ஆண்டு 23 ரூபாய், 5.20, மொத்தம் மறுபடியும் 28.20. டெல்லி ஒவ்வொரு முறை விலையை ஏற்றியபோதும் விவசாயியின் கையில் வந்த தொகை ஒரு காசு கூடவில்லை. மொத்தத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது. உடைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மானியத்தை உடைத்து எழுதிக் காட்டுவது என்ற இந்த வேலையைத்தான் உலக வர்த்தக அமைப்பு தன் உறுப்பு நாடுகளிடம் கேட்கிறது. அதற்கு 'அறிவிக்கை' என்று பெயர். கிராமத்துப் பக்கம் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, 'ஜெனீவாக்காரனுக்கு நம்ம வயக்காட்டுல என்ன சோலி?' என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. ஆனால் பதில் அவ்வளவு சுருக்கமானது அல்ல.

ரேஷன் கடை பிரச்சினை இல்லை

முதலில் ஒரு தவறான பேச்சை ஒதுக்கிவிடலாம். ரேஷன் கடையை மூடச் சொல்கிறது உலக வர்த்தக அமைப்பு என்று மேடைகளில் அவ்வப்போது சொல்லப்படுகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. ஏழைகளுக்கு அரிசியை மலிவாகவோ இலவசமாகவோ கொடுப்பதை 1995-ல் நடைமுறைக்கு வந்த வேளாண் ஒப்பந்தம் தடுப்பதில்லை. அந்த அரிசியை விவசாயியிடம் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. சந்தை விலைக்கு வாங்கினால் ஒன்றும் இல்லை. அரசு தானே ஒரு விலையை நிர்ணயித்து வாங்கினால், அந்த விலைக்கும் ஒரு 'குறிப்பு விலை'க்கும் உள்ள வித்தியாசம் மானியமாகக் கணக்கில் ஏறும். வளரும் நாடுகளுக்கு அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் வரை அனுமதி. அதைத் தாண்டினால் விதிமீறல்.

பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம், உர மானியம் எல்லாம் வேறு கணக்கு. வருமானம் குறைந்த, வசதியற்ற விவசாயிகளுக்குத் தரும் இடுபொருள் மானியத்துக்கு வளரும் நாடுகளுக்கு விலக்கு உண்டு. இந்தியா தன் நிலவுடைமைகளில் 99.43 சதவீதம் அப்படிப்பட்டவை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. வெளிநாடுகள் இதைக் கேள்வி கேட்காமல் இல்லை. என்றாலும் இப்போதைக்கு நெருக்கடி அங்கே இல்லை, நெல்லில்தான் இருக்கிறது.

ஒரே நெல், மூன்று கணக்கு

அந்தக் குறிப்பு விலை என்ன என்று கேட்டால் வியப்பாக இருக்கும். 1986 முதல் 1988 வரையிலான உலகச் சந்தை விலையின் சராசரி. இந்தியாவின் அரிசிக்கு அது டன்னுக்கு 3,520 ரூபாய், அப்போதைய மாற்று விகிதத்தில் 262.51 டாலர். கிலோவுக்கு மூன்றரை ரூபாய். அன்றைக்கு டாலர் பதிமூன்றரை ரூபாய்க்குக் கீழே இருந்தது. அந்தக் காலத்து விலையை உறைய வைத்து, அதை வைத்து இன்றைய நெல்லை அளக்கிறார்கள். விலைவாசி அளவுக்கு மீறி ஏறுவதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 18-ம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது 2018-19 பருவத்தை எடுத்துக்கொள்வோம். சாதா ரக நெல்லின் ஆதரவு விலை அன்று குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். நூறு கிலோ நெல் அரைத்தால் 67 கிலோ அரிசி என்ற வழக்கமான கணக்கில், அரிசி டன்னுக்குச் சுமார் 26,120 ரூபாய். டாலர் 70 ரூபாய் என்று வைத்தால் 373 டாலர். அதில் 262.51-ஐக் கழித்தால் டன்னுக்கு 110 டாலர் சொச்சம் மானியம். அந்த ஆண்டு அரசு கொள்முதல் செய்த அரிசி சுமார் 444 லட்சம் டன். பெருக்கினால் ஏறக்குறைய 490 கோடி டாலர். இந்தியா ஜெனீவாவுக்கு எழுதிக் கொடுத்த தொகை 500 கோடி டாலர். உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர். பத்து சதவீத வரம்பைத் தாண்டி 11 சதவீதத்துக்குச் சற்று மேலே.

இது முதல் கணக்கு. இதே நெல்லை டாலரில் இல்லாமல் ரூபாயில் போடுங்கள். 26,120-ல் 3,520-ஐக் கழித்தால் டன்னுக்கு 22,600 ரூபாய் மானியம். அதே 444 லட்சம் டன்னுக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய். சதவீதம் 33-ஐத் தொடுகிறது. விவசாயிக்குக் கூடுதலாக ஒரு பைசா போகவில்லை. ரூபாய் மதிப்பு இறங்கியது மானியமாக மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது கணக்கு இன்னும் மோசம். அரசு வாங்கியதை மட்டும் ஏன் பெருக்குகிறீர்கள், நாட்டில் விளைந்த அத்தனை அரிசியும் அந்த விலைக்குத் தகுதி உள்ளதுதானே என்று கேட்கிறார்கள். அந்த ஆண்டு விளைந்தது சுமார் 1,165 லட்சம் டன். அதைப் போட்டால் மானியம் உற்பத்தி மதிப்பில் 86 சதவீதம் ஆகிவிடும்.

இது கற்பனைக் கணக்கு அல்ல. 2018 மே மாதம் அமெரிக்கா இந்தியாவின் நெல், கோதுமை மானியம் பற்றித் தானே ஒரு 'எதிர் அறிவிக்கை' தாக்கல் செய்தது. ஒரு நாடு எழுதத் தவறியதை அல்லது குறைத்து எழுதியதை இன்னொரு நாடு எழுதிக் கொடுக்க விதியில் இடம் உண்டு. வேளாண் ஒப்பந்தத்தின் கீழ் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 2010-11 முதல் 2013-14 வரை இந்தியாவின் அரிசி மானியம் 74 முதல் 84 சதவீதம் வரை என்றது அந்தத் தாள். 2024 நவம்பரில் அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, கனடா, உக்ரைன் ஆகிய நாடுகளும் அமெரிக்காவோடு சேர்ந்து இன்னொன்றைப் போட்டன.

செங்கோட்டை விவசாயிக்கு இந்த மூன்றாவது கணக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். சிட்டா, அடங்கல், டோக்கன் என்று அலைந்து, குவித்த நெல் முளைவிடும் முன் களத்துக்கே வந்த வியாபாரியிடம் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார் ஒருவர். ஆதரவு விலையும் கிடைக்கவில்லை, ஊக்கத்தொகையும் இல்லை. இந்தியாவின் கணக்கில் அவருடைய நெல் இல்லை, ஏனென்றால் அரசு அதை வாங்கவில்லை. அமெரிக்கக் கணக்கில் அவருடைய நெல்லுக்கும் முழு மானியம் கொடுத்தாகிவிட்டது.

இந்தக் கேலிக்கூத்துக்குச் சட்ட ஆதாரமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2000-ம் ஆண்டு கொரியாவின் மாட்டிறைச்சி வழக்கில், 'தகுதியுள்ள உற்பத்தி' என்பது உண்மையில் வாங்கிய அளவு அல்ல, அந்த விலைக்கு விற்கத் தகுதி உள்ள அளவு என்று மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பு சொன்னது. நெல் விவகாரம் நேரடி வழக்காக வந்தால் அந்தத் தீர்ப்பு மேசைக்கு வரும்.

தாள்தான் கேடயம்

வழக்கு வராமல் தடுத்து நிற்பது எது? 2013 டிசம்பரில் பாலியில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில் பிறந்த 'சமாதானப் பிரிவு'. அன்றைய தேதியில் நடைமுறையில் இருந்த பொதுக் கையிருப்புத் திட்டங்களில், பாரம்பரிய உணவுப் பயிர்களுக்கு வரம்பு மீறினாலும் வழக்குத் தொடர மாட்டோம் என்ற வாக்கு. நிரந்தரத் தீர்வு வரும்வரை இது நீடிக்கும் என்று 2014 நவம்பரில் பொதுக்குழு உறுதி செய்தது.

ஆனால் சும்மா கிடைத்த வாக்கு அல்ல. வரம்பு மீறினோம் என்று நாடே முன்வந்து சொல்ல வேண்டும். மானிய அறிவிக்கைகள் நிலுவை இல்லாமல் போயிருக்க வேண்டும். கையிருப்பு, கொள்முதல், விநியோகம், ஏற்றுமதி என்று வரிசையாகப் புள்ளிவிவரம் தர வேண்டும். அந்தக் கையிருப்பு உலகச் சந்தையைக் குலைக்கக் கூடாது. 2020 மார்ச்சில் இந்தியா இந்தப் பிரிவைப் பயன்படுத்திய முதல் நாடானது. மேலே பார்த்த 2018-19 கணக்கு அதற்காகத்தான் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டுக்கு 4,607 கோடி டாலர் உற்பத்தியில் 631 கோடி மானியம், அதற்கடுத்த ஆண்டுக்கு 4,556 கோடியில் 690 கோடி என்று தொடர்ந்து எழுதிக் கொடுத்தது.

இந்த ஒழுங்கு எப்போதும் இருந்ததில்லை. ஆண்டு முடிந்து 90 நாளில் போக வேண்டிய தாள் இது. 2004-05 முதல் 2010-11 வரையிலான ஏழு ஆண்டுக் கணக்கை இந்தியா 2014 செப்டம்பரில் மொத்தமாகக் கொண்டு போய்ச் சேர்த்தது. பாலியில் வாக்கு வாங்கிய பிறகு, அதன் நிபந்தனை நெருக்கியதால் வந்த சுறுசுறுப்பு. அதற்கு முன்பே, 2011 அக்டோபரில், தொழில்துறை மானியங்கள் பக்கம் அமெரிக்கா இந்தியாவின் 50 திட்டங்களையும் சீனாவின் சுமார் 200 திட்டங்களையும் பட்டியல் போட்டு எதிர் அறிவிக்கையாகக் கொடுத்திருந்தது. நம்முடைய திட்டங்களை நாம் எழுதாததால் அடுத்தவர் எழுதிய பட்டியல் அது. எப்படி எழுதுவார் என்று கேட்கவே வேண்டாம்.

எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அதிகாரிகளிடம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மானிய ஒப்பந்தத்தின் 25-ம் பிரிவே தெளிவாகச் சொல்கிறது: ஒரு திட்டத்தை அறிவிப்பதால் அது விதிமீறல் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது. எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்காசி மாவட்டத்திலேயே விளையும் இன்னொரு பயிர் சாட்சி.

கரும்பு சொன்ன பாடம்

வாசுதேவநல்லூர் பக்கம் கரும்பும் உண்டு, சர்க்கரை ஆலையும் உண்டு. இந்தியாவின் கரும்பு விலை, சர்க்கரை ஏற்றுமதி உதவி மீது பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் 2019-ல் வழக்குப் போட்டன. 2021 டிசம்பர் 14 அன்று நடுவர் குழுவின் அறிக்கை வந்தது. 2014-15 முதல் 2018-19 வரை ஐந்து பருவங்களிலும் கரும்புக்கான ஆதரவு 10 சதவீத வரம்பைத் தாண்டியது என்றது.

இந்தியாவின் முக்கிய வாதம், கரும்புக்குப் பணம் கொடுப்பது ஆலைதான், அரசு இல்லை, அப்புறம் இது எப்படி அரசு மானியம் ஆகும் என்பது. பாக்கிப் பணத்துக்காக ஆலை வாசலில் நின்ற கரும்பு விவசாயி யாரும் அந்த வாதத்தைத் தலையாட்டி ஏற்றிருப்பார்கள். நடுவர் குழு ஏற்கவில்லை. விலையை நிர்ணயிப்பது அரசு, அது போதும் என்றது. மத்திய அரசின் நியாய ஆதாய விலை மட்டுமல்ல, மாநிலங்கள் அறிவித்த பரிந்துரை விலை, தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் கொடுத்த ஊக்கத்தொகை எல்லாமே அந்த வழக்கில் பேசப்பட்டன. சென்னையில் எடுத்த முடிவு ஜெனீவாவில் இந்தியாவின் முடிவாகவே பார்க்கப்பட்டது.

கூடவே இன்னொரு குட்டு. 1995-96-க்குப் பிறகு கரும்புக்கான உள்நாட்டு ஆதரவை இந்தியா ஒரு ஆண்டுகூட அறிவிக்கவில்லை, 2009-10-க்குப் பிறகு சர்க்கரை ஏற்றுமதி மானியத்தையும் அறிவிக்கவில்லை என்று ஆஸ்திரேலியா காட்டியது. நடுவர் குழு அதையும் விதிமீறல் என்றது. கரும்பு, சமாதானப் பிரிவுக்குள் வருகிற உணவுப் பயிரும் இல்லை. கேடயமும் இல்லை, தாளும் இல்லை என்ற நிலை. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்புக்கு உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா விடாததால் அது 2019 டிசம்பர் முதல் இயங்கவில்லை. எனவே தீர்ப்பு அந்தரத்தில் நிற்கிறது. அமெரிக்காவின் பிடிவாதத்தால் இந்தியாவின் கரும்பு தப்பித்து நிற்பது இந்தக் கதையின் வினோதங்களில் ஒன்று. அந்த நிலை என்றைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

எங்கே உறுதி, எங்கே தளர்வு

நாற்பது ஆண்டுக்கு முந்தைய விலையை வைத்து இன்றைய நெல்லை அளக்கக் கூடாது என்று இந்தியா வாதிடுவது முழுக்கச் சரி. 1995-ல் பணக்கார நாடுகள் தங்களுக்குப் பெரிய மானிய வரம்பை எழுதி வாங்கிக்கொண்டன. அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர், அதை எந்தப் பயிரில் வேண்டுமானாலும் குவிக்கலாம். அப்படி ஒரு ஒதுக்கீடு இந்தியாவுக்குக் கிடையாது, பயிர்தோறும் 10 சதவீதம்தான். இந்த அநியாயத்தை டெல்லி விட்டுக்கொடுக்கக் கூடாது. 2024-ல் அபுதாபி மாநாடும் நிரந்தரத் தீர்வு இல்லாமல்தான் கலைந்தது.

ஆனால் அநியாய விதியை எதிர்த்துப் பேசுகிறவரின் கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும். ஜெனீவாவுக்குப் போகிற தாள்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளில் பொதுவில் கிடைக்கின்றன. வாஷிங்டனில் ஒரு அலுவலர் அதைப் படித்துக் கேள்வி எழுப்புகிறார். அதே நெல்லை விளைவித்தவருக்கு அந்தத் தாள் இருப்பதே தெரியாது. தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை டன் கொள்முதல் ஆனது, அதில் மத்திய விலை எவ்வளவு, மாநில ஊக்கத்தொகை எவ்வளவு, விளைந்ததில் எவ்வளவு நிலையங்களுக்கு வராமலே வெளியே போனது என்ற ஒரு அட்டவணையை அதோடு தமிழில் வைப்பது பெரிய காரியம் இல்லை. கொள்முதல் நிலையம்தோறும் எடை போட்டுத்தான் பணம் போகிறது, எண்கள் எல்லாம் இருக்கின்றன.

கடைசியாகச் சொன்ன அந்த எண் ஜெனீவாவிலும் உதவும். இவ்வளவு நெல் ஆதரவு விலையைத் தொடவே இல்லை என்று மாவட்ட வாரியாகக் காட்ட முடிந்தால், விளைந்ததெல்லாம் மானியம் பெற்றது என்ற 86 சதவீதக் கணக்குக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. அரசுக்கு அதை வெளியிடத் தயக்கம் இருக்கும், ஏனென்றால் அதே எண் தென்காசியில் ஏன் இன்னும் நாலு கொள்முதல் நிலையம் திறக்கவில்லை என்ற கேள்வியையும் கூட்டிக்கொண்டு வரும்.

அதுவரை விவசாயிக்குத் தரும் ரசீதிலாவது 2,369 ஒரு வரியில், 131 அடுத்த வரியில் தனித்தனியாக அச்சாகலாம். மத்திய விலை ஏறி மாநிலப் பங்கு இறங்கினால், அதை முதலில் கவனிக்கப் போகிறவர் அவர்தான்.